பெயரை மட்டும் மாற்றினாய்

மகனே,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உன் சுகத்துக்கு ஒரு குறையும் இராது என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் பாடநூல் என் கைக்கு வந்து சேர்ந்தது. உன்னிடம் படித்த பெண்பிள்ளை ஒருத்தி ஹெவ்லொக் டவுனிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து, "சேர் உங்களுக்குக் குடுக்கச் சொன்னவர், அன்ரி" என்று தந்துவிட்டுப் போனாள். தமிழில் மானிடவியல் படிக்க வரும் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கான நூல், அட்டையில் உன் பெயர். சாமிப் படத்தடியில் வைத்து எடுத்துத்தான் திறந்தேன். அன்று பின்னேரம் முழுவதும் பெருமையாகத்தான் வாசித்தேன், அதையும் சொல்லவேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது எனக்குக் குமட்டியது. இதைவிட மரியாதையான சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அரசாங்கத் திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவளுக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குமட்டியது என்பதுதான் சரியான சொல்.

தொலைபேசியில் சொன்னேன், நீ கேட்கவில்லை. தனிக்கடிதம் எழுதினால் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிடுவாய். உன் நூலை யாரும் வாங்கலாம், யாரும் வாசிக்கலாம். என் கடிதமும் அப்படியே இருக்கட்டும். முக்கியமாக, அந்த நூலைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் இதையும் வாசிக்கட்டும்.

'ஆய்வு அறம்' என்பது உன் நூலின் கடைசி அத்தியாயம். உறவுமுறை, சடங்கு, சந்தை, மதம் எல்லாவற்றையும் பரிமாறி முடித்து, பந்தி எழும்பும் நேரத்தில் கை கழுவத் தண்ணீர் வைப்பதுபோல அதை வைத்திருக்கிறாய். அதில் வருகிற பாவிகள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர். காட்டுச் சனங்களின் தலையை அளந்தவர்கள், கேட்காமல் இரத்தம் எடுத்தவர்கள், கல்லறையைத் தோண்டி எலும்பைப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோனவர்கள். எல்லாம் தூர தேசத்தில், எப்போதோ செத்துப்போனவர்கள் செய்தது. வாசிக்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? 'நல்ல காலம், நாங்கள் அப்படியான ஆக்கள் இல்லை' என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு, மெல்லிய நீல நிறத்தில் கட்டம் போட்டு, சம்மதம் வாங்கிப் பெயரை மறைத்து எழுதுவதற்கு நம் மண்ணிலிருந்து ஒரு நல்ல முன்மாதிரி என்று தலைப்பிட்டு ஒரு பெட்டி. நூல் அச்சுக்குப் போகிற நேரத்தில் பதிப்பகத்தார் உள்ளூர் உதாரணம் ஒன்று கேட்டார்கள் என்றும், அவசரத்தில் சேர்த்தது என்றும் பிறகு சொன்னாய். அந்தப் பெட்டிக்குள் எங்கள் எதிர்வீட்டு அன்ரியை வைத்திருக்கிறாய்.

உனக்கு அவ யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் எனக்கு எதிர்க்கதவு. தையல் வேலை செய்கிறவ என்று வைத்துக்கொள்வோம், தையல் இல்லை. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவ என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு மகள். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வேலைக்குப் போன நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்த உனக்குச் சோறு போட்டவ அவதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதைப் பழமொழியாகவே அறிந்திருந்தேன்.

நீ அவவுக்கு வேறு பெயர் வைத்தாய். அடைப்புக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்றும் போட்டாய். அதற்குக் கீழே தகப்பன் பிறந்த ஊரின் பெயர், அந்த ஊரில் எந்தக் குளத்தடி என்பது, எந்தக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்கு வந்தார்கள், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் கடை போட்டார்கள், இப்போது கடற்கரைப் பக்கம் எந்த மாதிரி ஒழுங்கையில் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறா. எல்லாம் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய், மகனே. அதைப் பார்த்துப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று நீலக் கட்டமும் போட்டிருக்கிறாய்.

உனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஐயா உன்னிடம் கதை கொடுத்தார். "தம்பி எந்த ஊர்?" நீ, "வெள்ளவத்தை" என்றாய். "அது இருக்கிற இடமெல்லோ. அப்பான்ர ஊர்?" சொன்னாய். "ஓ... அங்கை எந்தப் பக்கம்? கோயிலடியோ, சந்தைப் பக்கமோ?" நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் சொன்னேன். "அப்ப வாத்தியார் பகுதியே!" என்று அவருடைய முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. மடியிலிருந்து டொபி எடுத்துத் தந்தார். பஸ்ஸில் ஏறிய பிறகு நீ கேட்டாய்: "அம்மா, அவர் ஏன் என்ர பேரைக் கேக்கேல்லை?" நான் சிரித்தேன். நம்முடைய ஆட்களுக்குப் பெயர் எதற்கு? ஊரும் பக்கமும் தெரிந்தால் பாட்டன் யார், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், எந்தக் கோயிலுக்கு உள்ளே போனார், எந்தக் கோயிலுக்கு வெளியே நின்றார் என்பது வரை வந்துவிடும். வெள்ளைக்காரன் தன் பிள்ளைகளுக்கு எழுதிய பாடநூலில் 'பெயரை மாற்று' என்று இருக்கிறது, ஏனென்றால் அவனுடைய ஊரில் ஆளைப் பிடிப்பது பெயரை வைத்து. நீ அதை அப்படியே தூக்கி எங்களுக்குப் பாடமாக வைத்தாய். டொபி வாங்கிய பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன என்று யோசிக்கவேண்டிய தேவை வரவில்லை. அவவின் தகப்பனிடம் அதே கேள்விகளைக் கேட்டபோது அவர் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித் தப்பினார். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். அவர்கள் மறைத்து வைத்த அந்த உண்மையான ஊரைத்தான் நீ அச்சில் போட்டாய்.

அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ விடுமுறையில் வந்திருந்தாய். நகரத்துக்கு வந்தால் சாதி அழிகிறதா என்று ஆய்வு என்றாய். என் வீட்டு ஹோலில், நான் போட்ட தேத்தண்ணியோடு, உன் போனை மேசையில் வைத்து அவவிடம் கேட்டாய். அவ முதலில் மழுப்பினா. பிறகு என்ன நினைத்தாவோ, மடை திறந்ததுபோலச் சொல்லத் தொடங்கினா. நான் குசினிக்குள் போய்விட்டேன். எனக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறா, இடையில் நான் நிற்பது சரியில்லை என்று. போகும்போது காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: "மகளுக்கு இன்னும் சொல்லேல்லை, தம்பி. கலியாணம் முடிஞ்சு ஒரு நாளைக்கு ஆறுதலாச் சொல்லுவன்." எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அதையும் நீ பெட்டிக்குள் போட்டிருக்கிறாய், மேற்கோள் குறியோடு.

கதைத்து முடிய நீ ஒரு தாளை நீட்டினாய். அவ வாசிக்கவே இல்லை. "எங்கை தம்பி, இஞ்சையோ?" என்று கேட்டுக் கையெழுத்து வைத்தா. நீ தொலைபேசியில் என்னிடம் ஆயிரம் தரம் சொன்ன சம்மதம் இதுதான். இந்த ஒழுங்கையில் யுத்த காலம் முழுவதும் யார் பேனையோடு கதவைத் தட்டினாலும் நாங்கள் கையெழுத்து வைத்தவர்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தவர்கள், ஏன் வந்தவர்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுத்துக் கொடுத்து, தாளைக் கண்டால் வாசிக்கக் கூடாது, கெதியாக வைத்துவிட்டு அனுப்பவேண்டும் என்று கை பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. உன் நூலில் 'தெரிந்து தரும் சம்மதம்' என்று ஒரு கலைச்சொல் வருகிறது. அது நான் தந்த சொல். நல்ல தமிழ் என்று மெச்சினாய். அந்தத் தாளில் இருந்தது தெரிந்து தந்ததும் இல்லை, சம்மதமும் இல்லை. அது, 'எங்கட தம்பி தானே' என்பது.

பிறகு நடந்ததை உனக்குத் துண்டு துண்டாகச் சொன்னேன், இங்கே சேர்த்துச் சொல்கிறேன். உன் நூல் வெள்ளவத்தை ரியூசன் வகுப்பு ஒன்றுக்கு வந்தது. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள். படிப்பிக்கிறவர் நீலப் பெட்டியை உரக்க வாசித்திருக்கிறார். பின்வாங்கில் இருந்து யாரோ, "இது ஆரெண்டு எனக்குத் தெரியும், சேர்" என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். அந்த வகுப்பில் மாப்பிள்ளைப் பெடியனின் தங்கச்சியும் இருந்தாள். பக்கத்தைப் போனில் படம் பிடித்து அங்கேயே இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த வீடு அது. மாப்பிள்ளையின் தாய் அவவுக்கு ரெலிபோன் எடுத்தா. "பிள்ளையில ஒரு குறையும் இல்லை. சாதகத்தைத் திருப்பியும் ஒருக்காக் காட்டினனாங்கள். செவ்வாய் பொருந்தேல்லையாம்." முன்பு பொருந்தியிருந்த செவ்வாய் உன் நூலை வாசித்துவிட்டு இடம் மாறிவிட்டது போலும். சாதி என்ற சொல் அந்த வாயிலிருந்து வரவே இல்லை. அவ்வளவு பண்பான ஆட்கள். தூ.

அந்தப் பிள்ளைக்கு எல்லாம் ஒரே நாளில் தெரிந்தது: கலியாணம் இல்லை என்பது, ஏன் இல்லை என்பது, தான் யார் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கண்டறியாத விஷயம். தாய் ஆறுதலாக, தன் வாயால், தன் மடியில் வைத்துச் சொல்ல இருந்ததை ஒரு போன் திரையில் யாரோ அனுப்பிய படத்தில் அவள் வாசித்தாள். என்னிடம் வந்து, "அன்ரி, எனக்கு வெக்கமா இல்லை. அருவருப்பாக் கிடக்கு" என்றாள். யாரைப் பார்த்து அருவருப்பு என்று நான் கேட்கவில்லை, பதில் எனக்குப் பயமாக இருந்தது. கீழ்மாடிக்காரி லிப்டுக்குள் என் காதில், "எனக்கு அப்பவே ஒரு ஐமிச்சம் இருந்தது" என்றா. ரொறொன்ரோவிலிருந்து உன் பெரியம்மா போன் எடுத்து, சுகம்கூடக் கேளாமல், "அவ வீட்டிலயோ நீ இவ்வளவு காலமும் சாப்பிட்டனி?" என்றா. குளிர் நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் உறையாமல் போன ஒரே சாமான் அதுதான். எதிர்வீட்டில் இப்போது கதவு சாத்தியே இருக்கிறது. தெஹிவளைப் பக்கம் வீடு பார்க்கிறார்கள் என்று கேள்வி.

நீ என்ன சொன்னாய்? "அம்மா, எமோஷனலாக் கதைக்காதேங்கோ. எதிக்ஸ் கமிட்டி பாஸ் பண்ணினது. பேரை மாத்தினனான். அவ சைன் வைச்சவ." பிறகு, என்னைச் சமாதானப்படுத்த, "அடுத்த பதிப்பில வேறை ஒரு நகரம் எண்டு போடுறன்." உன் கமிட்டியில் இருந்தவர்கள் ஒருவராவது "எந்த ஊர், எந்தப் பக்கம்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் இல்லையா? கேட்டு வளர்ந்தவர்கள்தான். அதை அறமாக அவர்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொன்னாய், அது மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது: "எழுதாமல் விட்டா சாதியே இல்லை எண்டு எல்லாரும் நடிப்பினம். வெக்கப்படவேண்டியது அவையள் இல்லை, நாங்கள்." சரி. ஒத்துக்கொள்கிறேன். எழுதத்தான் வேண்டும். ஆனால் வெட்கப்படவேண்டிய நாங்கள் உன் நூலில் எங்கே இருக்கிறோம் என்று தேடிப் பார்த்தேன், காணவில்லை.

உன் அப்பாவின் வீட்டுக் கொட்டில் வளையில் தேங்காய்ச் சிரட்டைகள் தொங்கின. வேலைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி அதில்தான். குடித்து முடிய அவர்களே கழுவிக் கவிழ்த்துத் தொங்கவிடவேண்டும். வீட்டுக் கிளாசில் கொடுத்தால் கிளாஸ் தீட்டாம். நான் கலியாணம் முடித்துப் போன புதிதில் தெரியாமல் வீட்டுப் பேணியில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன் என்று மாமியார் அந்தப் பேணியை வேலிக்கு அப்பால் எறிந்தா. இந்தக் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் நீயே திருப்பித் திருப்பிக் கேட்டாய். வாத்தியார் பகுதியின் சிரட்டையை ஏன் அந்த நீலப் பெட்டிக்குள் வைக்கவில்லை? யாருடைய பெயரையும் மாற்றத் தேவையில்லை, உன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருக்கலாம், சம்மதத் தாளை நானே பத்துத் தரம் வாசித்துக் கையெழுத்து வைத்திருப்பேன். நீ வைக்கவில்லை. எங்கள் வெட்கம் என்றால் அது குடும்ப விஷயம். அவவுடைய வெட்கம் என்றால் அது தரவு. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன்கோயில் என்று ஊரில் சொல்வதை நான் பிறத்தியாரைப் பார்த்துத்தான் சொல்லி வந்தேன்.

புத்தி சொல்லும் வயது உனக்குக் கடந்துவிட்டது. ஆனாலும் புத்தகம் எழுதுகிறவனுக்குச் சொல்லலாம். அந்த அத்தியாயத்தைத் தூக்கி முன்னால் வை. சாப்பிட்டுக் கழுவுகிற கையை, சாப்பிட முன்னமும் கழுவத்தானே வேண்டும். வெள்ளைக்காரனின் பாவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் இருக்கட்டும். ஆனால் பிள்ளைகளின் முதல் பயிற்சி தங்கள் சொந்த வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதாக இருக்கட்டும். எழுதி, பெயரை மாற்றி, தாயிடம் வாசித்துக் காட்டட்டும். தாயின் முகம் எந்த வரியில் மாறுகிறது என்று பார்க்கட்டும். அந்த வரியை என்ன செய்வது என்று அதற்குப் பிறகு வகுப்பில் கதையுங்கள். அப்படி ஒருநாள் கஷ்டப்பட்ட பிள்ளை, பிறகு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் வேறு மாதிரித் தட்டும். அடுத்த பதிப்பில் 'வேறு நகரம்' என்று போடுவாய் என்றால், அந்தப் புத்தகம் என் வாசற்படி ஏறக் கூடாது. பெட்டியை எடு. எடுத்த இடத்தில் ஏன் எடுத்தாய் என்று எழுது. நீ லீவில் வரும்போது பெட்டி படுக்கையோடு முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டு, அவ திறந்தால் நில், திறக்காவிட்டால் அதையும் தாங்கு. கூட்டிக்கொண்டு போய்விட நான் வரமாட்டேன். முதல் தரம் என் முகத்தைப் பார்த்துத்தான் அவ உனக்கு வாய் திறந்தா.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. எல்லாரையும் பார்த்துக் குமட்டியது என்று எழுதிக்கொண்டு வந்தேன், என்னை விட்டுவிட்டு. போன வெள்ளிக்கிழமை அவ என் கதவைத் தட்டினா. அந்த வீட்டுக் கதவு சாத்தின பிறகு முதல் தரம். கையில் மூடிய பாத்திரம், மோதகம் அவித்திருந்தா. "சும்மா அவிச்சனான், அக்கா" என்று நீட்டினா. எத்தனையோ வருடமாக அந்தக் கையால் வாங்கிச் சாப்பிட்டவள் நான். அன்று என் கை நீளவில்லை. ஒரு கணம்தான். உன் நூலில் இருந்த அந்தக் குளத்தடியின் பெயர் என் தலைக்குள் வந்து நின்றது, கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு வாங்கினேன், உள்ளே கூப்பிட்டேன், அவவுக்கு முன்னாலேயே ஒன்றை எடுத்துக் கடித்தேன், தேவைக்கு அதிகமாக "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றேன். அந்த அதிகம் இன்னும் அசிங்கம். சிரட்டைகளைக் கண்டு முகம் சுளித்தவள் என்று என்னைப்பற்றி நானே ஒரு கதை வைத்திருந்தேன். அந்தச் சிரட்டை என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அது அங்கே கிடந்ததற்கு நீ பொறுப்பில்லை. அவவுக்கு அதைக் காட்டிக்கொடுத்ததற்கு நீ பொறுப்பு.

இந்தக் கடிதத்தை வெளியில் கொடுக்க முன்னம் எதிர்வீட்டுக்குப் போய் முழுவதும் வாசித்துக் காட்டினேன். மகளும் பக்கத்தில் இருந்தாள். இரண்டு இடத்தில் அவ, "இதை எடுங்கோ, அக்கா" என்றா. எடுத்தேன். ஓரிடத்தில் மகள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். எவை என்று உனக்கும் சொல்லமாட்டேன். மோதகம் வந்த இடத்தையும் விடாமல் கடைசி வரை வாசித்தேன். வாசித்து முடிய, "மோதகம் வந்த இடத்தையும் எடுத்துவிடவோ?" என்று கேட்டேன்.

அவ என் கையைப் பார்த்தா.

"அண்டைக்கு நான் கண்டனான், அக்கா" என்றா. பிறகு, "அது மட்டும் கிடக்கட்டும்."

அம்மா